‘காட்டுமிராண்டி’ என்று யாரைச் சொல்கிறோம்?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நாங்கள் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்கள். என் மகன் அரூரில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு ‘வன்முறை இல்லாத சமுதாயம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவன் எழுதிய பேச்சில், ‘பெண்களையும் குழந்தைகளையும் அடித்துத் துன்புறுத்துகிறவர்கள் காட்டுமிராண்டிகள்’ என்று ஒரு வரி இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது அதை வீட்டில் பேசிக் காட்டினான். என் மாமியார் கேட்டுவிட்டு, ‘காட்டுல இருக்கறது நாமதானே சாமி, நாம யாரை அடிச்சோம்?’ என்றார். பையனுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆசிரியரிடம் கேட்டதற்கு, எல்லோரும் சொல்கிற சொல்தான், அதில் தவறொன்றும் இல்லை என்றார். அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன? அது எப்படி வந்தது? அந்த வரியை எடுத்துவிட வேண்டுமா? எடுத்தால் அந்த இடத்தில் என்ன எழுதுவது? ‘மிருகத்தனம்’ என்று மாற்றிக்கொள்ளலாமா?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மாமியார் கேட்டது மிக நேரான கேள்வி. அகராதியைப் புரட்டிச் சொல்லும் பொருள் அதற்குப் போதாது என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். உங்கள் மகனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஆசிரியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். இன்றைய வழக்கில் இந்தச் சொல்லைச் சொல்கிறவர் பெரும்பாலும் காட்டில் வாழும் மக்களை மனத்தில் வைத்துச் சொல்வதில்லை என்பது உண்மைதான். இரக்கம் இல்லாமல், நெறி முறை இல்லாமல் நடந்துகொள்பவனைக் கடிந்து சொல்லும் சொல்லாகவே அது வாயில் வருகிறது. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் சேர்ந்து கிடக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நாகரிகப் பழக்கம் அறியாதவன் என்பது. மற்றொன்று, கொடுமை செய்கிறவன் என்பது. சோற்றைச் சிந்திச் சாப்பிடுகிற பிள்ளையையும் காட்டுமிராண்டி மாதிரித் தின்னாதே என்கிறோம். ஒரு குடும்பத்தை வீட்டோடு வைத்துக் கொளுத்தியவனையும் காட்டுமிராண்டி என்கிறோம். பழக்கம் தெரியாமை ஒரு குற்றமே அன்று. கொடுமை செய்வதோ குற்றங்களில் எல்லாம் பெரியது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, பழக்கம் தெரியாதவர்கள் கொடுமைக்கும் துணிந்தவர்கள் என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, கேட்கிறவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. இந்தச் சொல் செய்யும் தீங்கு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

சொல்லின் அமைப்பைப் பார்த்தால், முன்பாதி எல்லோருக்கும் தெரிந்த ‘காடு’. காட்டுப்பன்றி, காட்டுநெல்லி, காட்டுமல்லி என்பவற்றில் வருவதுபோலவே இங்கும் அது ‘காட்டு’ என்று நிற்கிறது. பின்பாதியாகிய ‘மிராண்டி’ இன்று தனித்து நின்று பொருள் தருவதில்லை; கேட்கும் காதுக்கு அதில் மிரளுதலும் மிரட்டுதலும் ஒலிக்கின்றன, அவ்வளவே. ஆகவே சொல்லின் முழுக் கனமும் முன்பாதியின்மேல்தான் விழுகிறது. சின்னப் பிள்ளைக்கும் அதில் புரிகிற பகுதி காடு என்பது ஒன்றுதான். காட்டான், காட்டுத்தனம், காட்டுக்கத்தல் என்று இதே முன்பாதியை வைத்துப் பிறந்த ஏச்சுகள் பல. நெல்லிக்கும் மல்லிக்கும் முன்னால் வரும்போது இடத்தை மட்டும் சுட்டுகிற சொல், மனிதனுக்கு முன்னால் வரும்போது வசையாகிவிடுகிறது.

நம் பக்கத்தில் ‘காடு’ என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மரங்கள் அடர்ந்த வனத்தை மட்டுமா நாம் காடு என்கிறோம்? மேட்டுக்காடு, சோளக்காடு, ராகிக்காடு என்று புன்செய் நிலம் முழுவதையும் காடு என்றே சொல்கிறோம். விடியற்காலையில் கூழைக் குடித்துவிட்டுக் ‘காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று புறப்படுகிற பெண், களை எடுக்கவோ கதிர் அறுக்கவோ போகிறாள் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சோறு போட்டது பெரும்பாலும் வானம் பார்த்த இந்தக் காடுதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அதே காட்டைக் கொண்டு கொடுமைக்குப் பெயர் வைத்துப் பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இது தமிழில் மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் கொடியவனைக் குறிக்கும் ‘சாவேஜ்’ என்ற சொல், காட்டைக் குறிக்கும் ‘சில்வா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக வந்தது. காட்டைச் சேர்ந்தவன் என்பதே அதன் அடிப்பொருள். ‘பார்பேரியன்’ என்பதோ கிரேக்கர்கள் தமக்குப் புரியாத மொழி பேசியவர்களைக் குறித்த சொல். அவர்கள் பேச்சு ‘பர் பர்’ என்று காதில் விழுந்தது என்பதைத் தவிர அதில் வேறு குற்றச்சாட்டு இல்லை. வட ஆப்பிரிக்காவில் தம்மை இமாசிகென் என்று அழைத்துக்கொள்கிற மக்களுக்குப் ‘பெர்பர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த வழியில்தான். நம் ஊரில் உருது பேசுகிறவர்கள் காட்டான் என்ற பொருளில் சொல்லும் ‘ஜங்லி’ என்பதற்கு மூலமான வடசொல், பழைய நூல்களில் அடர்ந்த வனத்தையே குறிக்கவில்லை. மழை குறைந்த, வறண்ட, திறந்த நிலத்தைக் குறித்தது. ஏறக்குறைய நம் மேட்டுக்காட்டைப் போன்ற நிலம். ‘அநாகரிகம்’ என்பதைப் பிரித்தாலும் நகரம் என்ற சொல்தான் உள்ளே இருக்கிறது. நகரத்தாரின் பழக்கம் இல்லாதது என்பதுதான் அதன் பிறப்புப் பொருள். எந்த மொழியை எடுத்தாலும் பெயர் வைத்தவர் நகரத்தில் இருந்தார், அல்லது அரண்மனையில் இருந்தார். பெயரைச் சுமந்தவர் வெளியே இருந்தார். காட்டு மக்கள் நகரத்தாருக்கு வைத்த பெயர்கள் எழுத்தில் ஏறாமல் போயின.

பழந்தமிழுக்கு வருவோம். சங்கப் பாட்டுகளில் ‘காட்டுமிராண்டி’ என்ற சொல் இல்லை. வழிப்பறி செய்த ஆறலை கள்வரைப் பற்றி அந்தப் பாட்டுகள் பேசுகின்றன. அவர்கள் கொடுமையை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர்களைக் குறித்த சொல் அவர்கள் செய்த தொழிலைச் சொன்னது, பிறந்த இடத்தைச் சொல்லவில்லை. பிறமொழியாளரைக் குறிக்கும் ‘மிலேச்சர்’ என்ற வடசொல் முல்லைப்பாட்டில் வருகிறது. அங்கேயும் அவர்கள் வாய் பேசாமல் உடம்பால் குறிப்புக் காட்டுகிற, அரசனின் பாசறைக் காவலர்களாகத்தான் வருகிறார்கள்.

புறநானூற்றின் 150ஆம் பாட்டை உங்கள் மகன் கட்டாயம் படிக்க வேண்டும். வன்பரணர் என்ற புலவர் பசியோடும் வழி நடந்த களைப்போடும் மலைக்காட்டில் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மானை வேட்டையாடிய குருதி காலில் தோய்ந்த ஒருவன் வில்லோடு வருகிறான். தோற்றத்தில் தலைவன் என்று தெரிந்து புலவர் எழுந்திருக்க, அவன் கையமர்த்தி அவரை உட்காரச் சொல்கிறான். தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள், தானே தீக்கடைந்து இறைச்சியைச் சுட்டுத் தருகிறான். புலவர் உண்டு, அருவி நீரைப் பருகி, விடைபெறும் நேரத்தில், கொடுப்பதற்கு வேறு சிறந்த பொருள் எம்மிடம் இல்லை, யாம் ‘காட்டு நாட்டேம்’ என்று சொல்லித் தன் மார்பில் கிடந்த ஆரத்தையும் கையில் கிடந்த கடகத்தையும் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். எந்த நாடு என்று கேட்டால் நாட்டைச் சொல்லவில்லை. யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லவில்லை. அவன் தோட்டி மலைத் தலைவனாகிய நள்ளி என்பதை வழியில் பிறர் சொல்லித்தான் புலவர் தெரிந்துகொள்கிறார். ‘காட்டு நாட்டேம்’ என்ற அந்தத் தொடரில் இருப்பதும் அதே ‘காட்டு’தான். அது அங்கே ஒரு கொடையாளியின் பணிவாக ஒலிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அச்சொல்லுக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்பதை இந்த ஒரு பாட்டே காட்டிவிடும்.

இன்னொரு பாட்டு நம் மண்ணுக்கு இன்னும் நெருங்கியது. தகடூர் என்ற பெயரோடு இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் உற்ற நண்பராக இருந்த ஔவையார் பாடியது. புறநானூற்றில் 187ஆம் பாட்டு.

‘நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே’

நிலமே, நீ நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன, பள்ளமானால் என்ன, மேடானால் என்ன, எங்கே மக்கள் நல்லவர்களோ அங்கே நீயும் நல்லை என்கிறார். இடத்தால் மனிதனுக்குக் குணம் வருவதில்லை, மனிதனால்தான் இடத்துக்குக் குணம் வருகிறது என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். உங்கள் மாமியார் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எழுத முடியாது.

அப்படியிருந்தும் காட்டு மனிதர் என்றால் தாழ்ந்தவர் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றதற்கு வேறு காரணங்கள் உண்டு. 1877இல் அமெரிக்க மானிடவியலாளர் லூயி ஹென்றி மார்கன் எழுதிய நூல், மனித இனம் முழுவதும் மூன்று படிகளில் ஏறி வந்ததாகப் பகுத்தது; வேட்டையாடி உண்டவர்கள் அடிப்படியில், எழுத்து அறிந்தவர்கள் மேற்படியில். இப்படிப்பட்ட பகுப்புகள் மொழிபெயர்ப்புகளிலும் பாடங்களிலும் நுழைந்தபோது, ‘காட்டுமிராண்டிக் காலம்’ என்ற தொடர் வரலாற்றுச் சொல்லைப்போல நிலைத்துவிட்டது. பெரியார் மேடைகளில் இந்தச் சொல்லை வன்மையாக வழங்கியதும் பெரும்பாலும் இந்தக் காலப் பொருளில்தான். பகுத்தறிவு வளராத காலத்து எண்ணத்தை இன்னும் சுமப்பவர்களை அவர் அப்படிச் சாடினார், மலைமக்களை அன்று. ஆனால் ஆங்கில அரசு இந்த எண்ணத்தைச் சட்டமாகவே ஆக்கியது. 1871இல் இயற்றப்பட்டு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறந்த குழந்தையைப் பிறப்பாலேயே குற்றவாளியாகப் பதிவு செய்தது. அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952இல்தான். பெயர் வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

உங்கள் மலையடிவாரத்தில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் மாமியாரின் கேள்விக்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கலாம். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் வாச்சாத்தி என்ற சிற்றூருக்குள் புகுந்தார்கள். மக்கள் அடிக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர்மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட, மிஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துன்பப்பட்டவர்கள் காட்டை ஒட்டி வாழ்ந்த, ‘மலையாளி’ என்று பெயர் வழங்கும் மலைவாழ் பழங்குடி மக்கள். துன்பம் செய்தவர்கள் படித்தவர்கள், சீருடை அணிந்தவர்கள், அரசு ஊதியம் பெற்றவர்கள். அப்படியிருக்க, அந்த நாளைப் பற்றி எழுதும்போதுகூட ‘காட்டுமிராண்டித்தனமான தாக்குதல்’ என்ற தொடர் நம் பேனாவில் தானாக வந்து விழுகிறது. செய்த கொடுமை காட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அதைக் கண்டிக்கும் சொல்லோ பழியைக் காட்டின்மேல் போடுகிறது. நாம் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை, சொல்லின் அமைப்பே அப்படிச் செய்துவிடுகிறது. ஆகையால்தான், வேறு எந்த மாவட்டத்தார் விட்டாலும் விடாவிட்டாலும், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எழுதுகிற நாம் இச்சொல்லைக் கொடுமைக்குப் பெயராக வழங்குவதை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

விட்டால் சொல்லுக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். ‘கொடுமை’ என்ற பழந்தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப்போல் பொருத்தமான சொல் வேறில்லை. அதன் அடிப்பொருள் வளைவு. நேராக இருக்க வேண்டியது வளைந்துபோவதே கொடுமை. உங்கள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும் கொடுவாளை மகனிடம் எடுத்துக் காட்டுங்கள்; அலகு வளைந்த வாள் என்பதால் அதற்கு அந்தப் பெயர். நேராக நின்று முறை செய்யும் அரசு செங்கோல். வளைந்த அரசு கொடுங்கோல். இந்தச் சொல் ஒருவனுடைய ஊரையோ சாதியையோ உடையையோ கேட்பதில்லை. அவன் செய்தது நேரா கோணலா என்று மட்டும் கேட்கிறது. திருவள்ளுவர் இந்த வளைவை வைத்தே ஒரு குறள் செய்திருக்கிறார்:

‘கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன
வினைபடு பாலாற் கொளல்’

அம்பு பார்வைக்கு நேரானது, செயலால் கொடியது. யாழின் தண்டு பார்வைக்கு வளைந்தது, செயலால் இனியது. அதுபோல மனிதரையும் அவர்கள் செய்யும் செயலைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது கருத்து. ‘கூடாவொழுக்கம்’ என்ற அதிகாரத்தில் வரும் 279ஆம் குறள் இது. நாகரிகம் என்ற சொல்லையும் அவர் நகரத்தாரிடம் விட்டுவிடவில்லை. ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்ற குறளை அவர் வைத்திருப்பது கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில். பிறர்மேல் இரக்கம் கொள்வதுதான் அவருக்கு நாகரிகம். இந்தக் கணக்கில், வழிப்போக்கருக்குக் களி கிண்டிப் போடுகிற உங்கள் மலை வீட்டுக்கு நாகரிகம் யாரும் போய்க் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, மகன் செய்ய வேண்டியது. அந்த வரியின் கருத்து மிக நல்லது. அதை எடுக்க வேண்டாம், சொல்லை மட்டும் மாற்றினால் போதும். ‘பெண்களையும் குழந்தைகளையும் அடித்துத் துன்புறுத்துகிறவர்கள் கொடியவர்கள், அவர்கள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும், எவ்வளவு படித்திருந்தாலும், செய்த செயலே அவர்களுக்குப் பெயர்’ என்று எழுதலாம். நேரம் இடம் கொடுத்தால், அதைத் தொடர்ந்து ஔவையாரின் நான்கு அடிகளைச் சொல்லி, இந்தச் சொல்லை நான் ஏன் தவிர்க்கிறேன் என்று பாட்டி கேட்ட கேள்வியோடு சேர்த்து இரண்டு வரி பேசட்டும். பாட்டை மனப்பாடமாகச் சொல்லும்போது ‘காடா கொன்றோ’ என்ற இடத்தில் அவசரப்படாமல் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியரோடு மனத்தாங்கல் வேண்டாம். எல்லோரும் சொல்கிற சொல் என்று அவர் சொன்னது நடப்பு. அவர் உங்கள் பிள்ளையை அச்சொல்லால் அழைக்கவில்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டிப் பேசினால் புரிந்துகொள்வார். ஆனால் யாராவது, எப்போதாவது, பிள்ளையையோ உங்களையோ நாலு பேர் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடே இப்படி அழைத்தால் அது வேறு செய்தி. பழங்குடியினர் அல்லது பட்டியல் இனத்தவர் அல்லாத ஒருவர் அப்படி வேண்டுமென்றே அவமதிப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைக்கு இது தெரிந்திருக்கட்டும்.

‘மிருகத்தனம்’ என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணப்படி தடையில்லை, ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுத்தை ஆட்டை அடிப்பது பசிக்கு. யானை ராகிக்காட்டில் இறங்குவதும் பசிக்கு. கட்டி வைத்து அடிப்பதையும், வீட்டைக் கொளுத்துவதையும், பெண்ணை அவமானப்படுத்துவதையும் எந்த விலங்கும் செய்வதில்லை. காட்டு மனிதர்மேல் போட்ட பழியை எடுத்துக் காட்டு விலங்கின்மேல் போடுவதால் பயனில்லை. ‘ஈவிரக்கமற்ற செயல்’, ‘வெறிச்செயல்’ என்ற இரண்டும் பேச்சில் எடுப்பாக ஒலிக்கும்; ‘கொடுமை’ என்பது திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றினால் இவற்றை இடையிடையே வைத்துக்கொள்ளட்டும்.